உச்சத்தில் மட்டும்

இருதயராஜ் நிலோபரின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை. நேராக உள்ளே போய்க் கட்டுரையை மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆய்விதழுக்கு அனுப்பியாகணும் மேடம். வெளிநாட்டுக் குழு ஒண்ணும் இதே சூரிய வெடிப்பைத்தான் குடைஞ்சுக்கிட்டிருக்கு. அதே செயற்கைக்கோள், அதே தரவு. விட்டா முந்திடுவாங்க."

நிலோபர் கட்டுரையைப் புரட்டினார். இருதயராஜின் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான், ஆனால் வயதில் இளையவர். இருதயராஜ் கல்லூரியில் பல வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு விடுப்புப் போட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். இந்த வயசில் இவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத ஆளில்லை. விடுப்போ இந்த மாதத்தோடு முடிகிறது. அவர்கள் வாயை அடைக்க இந்தக் கட்டுரையை விட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை.

சூரியனில் பெரிய வெடிப்பு நேரும்போது துகள்கள் அசுர வேகம் எடுக்கும். அங்கே போய் அவற்றை யார் பிடித்துப் பார்ப்பது? அவை மோதும்போது கிளம்பும் காமா கதிர்கள்தான் நம்மிடம் வந்து சேரும். கதிரின் ஆற்றலை அளந்து, துகளின் வேகத்தை ஊகிக்க வேண்டும். இந்த வெடிப்பில் யாரும் எதிர்பார்க்காத ஆற்றலோடு சில கதிர்கள் வந்திருந்தன. இருதயராஜ் கண்டது அதைத்தான்.

"இந்தக் கதிர்கள் வெடிப்போட உச்சத்துக்கு முன்னாடி இருந்துச்சா?"

"இல்ல."

"உச்சத்துக்கு அப்புறம்?"

"இல்ல மேடம். உச்சத்துல மட்டும்தான். அதுதானே விசேஷமே."

நிலோபர் எழுந்தார். "கொஞ்சம் ஆய்வகத்துக்கு வாங்க."

இருதயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை கட்டுரையைத் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாயிற்று. சரி என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த அம்மாவுக்கு என்ன கேடு? பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்.

ஆய்வகத்தில், செயற்கைக்கோளில் இருப்பதைப் போலவே ஒரு கருவி இருந்தது. காமா கதிர் வீசும் சீசியத்தைச் சட்டைப் பொத்தான் அளவில் கொஞ்சம் எடுத்து, மேசையின் அந்தக் கோடியில் வைத்தார் நிலோபர். திரையில் கதிர்களின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் ஒரே ஒரு முகடு எழுந்தது.

"இதிலிருந்து வேற ஏதாவது கதிர் வருமா?"

"இதுக்கு மேல ஆற்றலோட எதுவும் வராது. என் பசங்களுக்கு முதல் வருஷத்திலேயே நடத்தியிருக்கேன்." குரலில் சூடு இருந்தது.

நிலோபர் சீசியத்தை இடுக்கியால் எடுத்துக் கருவியின் முகத்தருகே வைத்தார். முகடு மளமளவென்று வளர்ந்தது. அதற்கு அப்பால், சரியாக இரண்டு மடங்கு ஆற்றலில், குட்டியாக இன்னொன்று தலைகாட்டியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"இது பழைய கதை மேடம். நெரிசல் அதிகமானா ரெண்டு கதிர் ஒரே சமயத்துல வந்து விழும். கருவி ரெண்டையும் சேர்த்து ஒண்ணுன்னு..."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரையருகே குனிந்தார்.

மடிக்கணினியைத் திறந்து தன் வரைபடத்தை மறுபடி பார்த்தார். கதிர்களின் கூட்டம் இரண்டு மடங்கான இடத்தில் அந்த அதிசயக் கதிர்கள் நான்கு மடங்காகியிருந்தன. இரண்டிரண்டாகச் சேர்ந்து விழுந்தால் அப்படித்தான் பெருகும். கூட்டம் கலைந்ததும் அடையாளமே இல்லாமல் போயிருந்தன. அத்தனை ஆற்றலோடு எந்தக் கதிரும் சூரியனில் இருந்து வரவில்லை. தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததையே தான் கோட்டைவிட்டது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்படியும் இருக்கலாம்னு கடைசியில ஒரு வரி சேர்த்துடட்டுமா? சேர்த்து இன்னிக்கே அனுப்பிடலாமே."

"அந்தக் கதிர்கள் நிஜம்னு நீங்க இன்னும் நம்புறீங்களா?"

இருதயராஜ் மடிக்கணினியை மூடினார்.

"இல்ல," என்றார். "ஆனா அந்தக் குழு இதைக் கவனிக்காம அனுப்பிடுமே. முந்திடுவாங்களே மேடம்."

நிலோபர் சீசியத்தை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"எதுல முந்துவாங்க சார்?"