சேற்று வீட்டுக்காரியும் ஏரி நடுவே ஓர் ஊரும்

மெக்சிகோ நாட்டு மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி. ஏரி நடுவே ஒரு பாறைத் திட்டு. அதன் மேல் ஒரு கள்ளிச்செடி. அந்தக் கள்ளிதான் கழுகாருடைய சிம்மாசனம்!

பாறையின் ஓரத்து நாணலில் ஒரு தாய் முக்குளிப்பான் குடியிருந்தாள். தண்ணீரில் முங்கி முங்கி மீன் பிடிக்கிற சின்னப் பறவை அவள். பாசியையும் சேற்றையும் குழைத்து, நாணலோடு பிணைத்து, தண்ணீர் மேலேயே கூடு கட்டியிருந்தாள்.

"அடியே சேற்று வீட்டுக்காரி! இதெல்லாம் ஒரு வீடா?" என்று கழுகு தினமும் வம்புக்கு இழுக்கும்.

"தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் வீடும் இறங்கும், கழுகாரே! எனக்கு இது போதும்!" என்பாள் அவள். கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. அவளுக்கு உலகமே அதுதான்.

ஒரு நாள் காலையில் படகு படகாக மனிதர்கள் வந்து இறங்கினார்கள். பாவம், ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஜனங்கள். 'கள்ளி மேல் கழுகு பாம்போடு உட்கார்ந்திருக்கும், அதுதான் உங்கள் ஊர்' என்று அவர்கள் சாமி சொல்லியிருந்ததாம். அந்த நேரம் பார்த்துக் கழுகின் வாயில் ஒரு பாம்பு! அத்தனை பேரும் பாறையில் விழுந்து கும்பிட்டு, வாய்விட்டு அழுதார்கள். முக்குளிப்பானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கழுகுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா! ஒரே ஒரு பாம்பைப் பிடித்தேன், ஓர் ஊரையே உண்டாக்கிவிட்டேன்!"

நாலு நாள் போனது. பிள்ளைகள் பசியில் அழுதன. சோளம் விதைக்கக் கைப்பிடி மண் இல்லை.

"சாமி காட்டின இடம்தான். அதற்காகப் பாறையைக் கடித்தா தின்பது?" என்றாள் கூட்டத்துக்குத் தலைவியான பப்பான்.

குடிசை போட நாணல் வெட்டினான் அவள் தம்பி தெக்கோல். வெட்டிக்கொண்டே கூட்டுக்குக் கிட்டே வந்துவிட்டான்.

"பறந்துவிடு, பைத்தியக்காரி!" என்று கத்தியது கழுகு.

"முட்டையை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்!" முக்குளிப்பான் சிறகை விரித்து, நடுங்கிக்கொண்டே முட்டைகள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தெக்கோலின் கை அப்படியே நின்றது. "இத்தனூண்டு பறவைக்கு எவ்வளவு தைரியம்!" என்று குனிந்தான். கூட்டை விரலால் அழுத்தினான். அது ஆடியது, ஆனால் அமிழ்ந்து போகவில்லை.

"அக்கா! ஓடி வா! இது தண்ணீர் மேலேயே நிலம் செய்து வைத்திருக்கிறது!"

பப்பான் வந்து வெகுநேரம் பார்த்தாள். "கூட்டைத் தொடாதே தம்பி. நாமும் இப்படியே செய்வோம்" என்றாள்.

ஏரியில் கழி நட்டார்கள். நாணல் பின்னி அடைத்தார்கள். பாசியும் சேறும் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். கரை கரையாதிருக்க ஓரமெல்லாம் மரம் வைத்தார்கள். சேற்றில் சோளம் முளைத்தது! வருஷம் போகப் போக ஒரு பாத்தி பத்தாச்சு, பத்து நூறாச்சு. நடுவில் வாய்க்கால், வாய்க்காலில் பூப்படகு, அதற்கப்பால் வானத்தை முட்டும் வெள்ளைக் கோவில்!

அந்த மூன்று குஞ்சுகளும் எப்போதோ வளர்ந்து பறந்துவிட, முக்குளிப்பான் புதுக் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வாய்க்காலில் நீந்தினாள். "அம்மாடியோ! சேற்றிலிருந்தா இவ்வளவும்!" என்று அண்ணாந்து பார்த்தவள், மீன் பிடிக்கவே மறந்துபோனாள்.

"எல்லாம் என்னால்தான்!" என்றது கழுகு. கேட்க ஆளில்லை. எல்லோரும் சேறு சுமந்துகொண்டிருந்தார்கள்.

இடத்தைக் காட்ட ஒரு கணம் போதும். அதை ஊராக்குவது தினம் தினம் சேறு சுமக்கிற கைகள்தான்.