கொடிக்கால் வாசலில் சிகப்பி

கேட்டுக்கொள்ளுங்கள், இது ராஜாவின் சேவகர்கள் குதிரையேறி வரி வாங்க வந்த காலத்துக் கதை.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் உமையாள், சிகப்பி என்று அக்காள் தங்கை இருவர். தாய் தகப்பன் இல்லாத சிகப்பியை வளர்த்தவள் உமையாள்தான். சோறு போட்டாள், சேலை கொடுத்தாள். கூடவே தினமும், "நீ எதுக்கும் லாயக்கில்லை, நான் இல்லாவிட்டால் நாதியில்லை" என்று குத்தினாள். சிகப்பி அழுதால், "நான் எப்போதடி சொன்னேன்? நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்பாள். கேட்டுக் கேட்டுச் சிகப்பிக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் அவள் கிளம்பிப் போனாள். ஆற்றின் அக்கரையில் சிறு வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தாள். வெற்றிலைக்கொடி குழந்தை மாதிரி. ஒருநாள் தண்ணீர் தப்பினாலும் முகம் வாடிவிடும்.

அக்காள் தேடி வந்தாள். முதல் தடவை, கையில் பணியாரம். "வீடு வெறிச்சென்று கிடக்குதடி." சிகப்பி போனாள். மூன்றே நாளில் பழைய பேச்சு. திரும்பி வந்தபோது ஒரு வரிசைக் கொடி கருகியிருந்தது.

இரண்டாம் தடவை, கண்ணீர். "நெஞ்சு வலிக்குது, வா." போனாள். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பியபோது பாதிக் கொடிக்கால் போயிருந்தது. இன்னொரு தடவை போனால் மிச்சமும் போகும். குத்தகையும் கைவிட்டுப் போகும்.

அந்த வாரம் அரண்மனை அதிகாரி ஒருவர் வெற்றிலை வாங்க வந்தார். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழையக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அவர் மறந்து காலெடுத்து வைக்கப் போனார்.

"ஐயா, செருப்பு..." என்றாள் சிகப்பி.

அவர் பேசாமல் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

சிகப்பி அன்று முழுக்க யோசித்தாள். 'கொடிக்காக வாய் திறந்தேனே, எனக்காக ஏன் திறக்கவில்லை?'

மூன்றாம் தடவை அக்காள் கோபத்தோடு வந்தாள். சிகப்பி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம். அந்த வீட்டுக்கு மட்டும் நான் வரமாட்டேன். என்னை மட்டம் தட்டிப் பேசினால் எழுந்து போய்விடுவேன்."

"அடேயப்பா! எனக்கே சட்டமா? ஊட்டி வளர்த்தேனே, நன்றி கெட்டவளே!"

சிகப்பி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாதித் தண்ணீர் காலில் சிந்தியது. ஆனாலும் கடைசி வரிசைவரை ஊற்றி முடித்தாள். அதற்குள் அக்காள் போய்விட்டிருந்தாள். அன்றைக்குச் சிகப்பிக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து உமையாள் வந்தாள். மாடு கன்று போட்டதைச் சொன்னாள், மழை இல்லாததைச் சொன்னாள். நடுவில் ஒரு முள்ளுப் பேச்சு வந்தது. சிகப்பி எழுந்தாள்.

"சரி, உட்காரடி. கன்றுக்குட்டி செவலை நிறம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்" என்றாள் உமையாள்.

சிகப்பி உட்கார்ந்தாள்.

பிள்ளைகளே, நம்மை நோகடிப்பவர் நம் சொந்தமே ஆனாலும், 'இதற்கு மேல் வேண்டாம்' என்று சொல்வதும் சொன்னபடி நிற்பதும் பாவமில்லை.