வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு பரிசல் சவாரி

சோமாசிப்பட்டி ஏரிக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. மீன் பிடிக்கப் பரிசல் ஓட்டினால் ஒன்றுமில்லை. சும்மா சந்தோஷத்துக்குத் துடுப்பு போடுகிறவர்கள் மட்டும் நீச்சல் அடித்துக் காட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டுமாம். ஏரிக் காவலர் மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

குப்பாண்டி தலையில் இடி விழுந்தது. அவன் புதுப் பெண்டாட்டி செங்கமலம் ஆற்றங்கரை ஊர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை பரிசலில் ஒரு சுற்று கூட்டிப் போகாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். இவனுக்கோ நீச்சல் தெரியாது. பாவம், சோறே இறங்கவில்லை.

கூட்டாளிகள் ஏகாம்பரமும் சிங்காரமும் உட்கார்ந்து யோசித்தார்கள். எருமை மட்டும் லைசென்ஸ் இல்லாமல் ஏரியில் இறங்கலாமா என்று சிங்காரம் கேட்டான். அது குளிக்கப் போகிறது, சந்தோஷத்துக்கா போகிறது என்று ஏகாம்பரம் அதட்டினான். அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

"சந்தோஷமாப் போனாத்தானடா லைசென்ஸ்? நாம அழுதுக்கிட்டே போவோம்."

அடேயப்பா, என்ன மூளை!

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பரிசலில் ஏறினார்கள். நடுவில் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாகச் செங்கமலம். அழுகை வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கூடை வெங்காயமும் ஏறியது. சிங்காரம் உரிக்க, ஏகாம்பரம் ஒப்பாரி வைக்க, குப்பாண்டி கண்ணீர் வழியத் துடுப்பு போட்டான். அஸ்தி கரைக்கப் போகிறார்கள் என்று நினைத்து, கரையில் நின்ற காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கண் எரிந்தால் வழி எப்படித் தெரியும்? பரிசல் ஒரே இடத்தில் கிறுகிறுவென்று சுற்றி, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. அந்த இடத்தில் முழங்கால் அளவுதான் ஆழம். மூவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூழ்குகிறோம் மூழ்குகிறோம் என்று அலறினார்கள். செங்கமலம் எழுந்து நின்று பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா வீடாவது ஒன்றாவது, இந்தக் கூத்தை விட்டுவிட்டு யார் போவார்கள் என்றாள்.

குப்பாண்டிக்கு அப்பாடா என்றிருந்தது. மறுநிமிஷமே முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நீ சிரிச்சிட்டியே புள்ள. உனக்கு லைசென்ஸ் இல்லையே."

மறுநாளே அவள் ஏரியைக் குறுக்காக நீந்திக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்போதெல்லாம் அவள்தான் சிரித்துக்கொண்டே துடுப்பு போடுகிறாள். லைசென்ஸ் இல்லாத மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்து பயபக்தியோடு வெங்காயம் உரிக்கிறார்கள். போன வாரம் சிங்காரத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. நேர்மையானவன், தானே பரிசலைவிட்டு இறங்கித் தண்ணீரில் நடந்தே போய்க் காவலரிடம் சரணடைந்துவிட்டான்.