ஓட்டையில்லாத ஆறு கையுறைகள்

நாவல்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கனகவல்லியின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. வீரபாகு, சங்கரபாண்டி, அருளப்பன் என்று மூன்று பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். மூவருக்கும் இரும்பை இரும்போடு ஒட்டத் தெரியும். மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை.

போன மாதம் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தபோது மூவர் கையிலும் கொப்புளம். வீரபாகுவின் கழுத்து வெல்டிங் வெளிச்சத்தில் வெந்து, வெள்ளரிப்பழம் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் கனகவல்லியிடம் சுருக்கமாகச் சொன்னார்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு வருவேன். இவங்க உடம்புல புதுசா ஒரு சூட்டுக்காயம் பார்த்தாலும் பட்டறைக்கு அரக்கு சீல்தான்."

சீல் வைத்தால் கனகவல்லியின் பிழைப்பு போகும். மூவர் நிலைமை அதைவிட மோசம். அந்த வட்டாரத்தில் மற்ற பட்டறைக்காரர்கள் இவர்களைத் தெருமுனையில் பார்த்தாலே ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

ஆய்வாளர் வருகிற அந்த வாரம் பார்த்துக் கனகவல்லிக்குத் திருநெல்வேலியில் கண் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து வரி எழுதிச் சுவரில் ஒட்டினாள். தோல் கையுறை வாங்கிப் போட வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பட்டன் மாட்ட வேண்டும், உடம்பில் ஒரு இடமும் வெளியே தெரியக் கூடாது. கையுறை இல்லாமல் சூடான எதையும் தொடக் கூடாது. ஈரக் கையுறை போடக் கூடாது, கரண்ட் அடிக்கும். ஓட்டை உள்ள கையுறையை உடனே தூக்கிப் போட வேண்டும்.

"இதுல எழுதினதை மட்டும் செய்ங்க. சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க," என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில் மூவருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

கையுறைக் கடைக்காரர், என்ன வெல்டிங், எவ்வளவு பெரிய கை என்றெல்லாம் முறையாக விசாரித்து, முழங்கைக்குக் கிட்டே வரை வருகிற தடித்த மாட்டுத்தோல் கையுறை ஒன்றை எடுத்துப் போட்டார். வீரபாகு முன்னும் பின்னும் திருப்பினார். உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் இறுகியது.

"இதுல ஓட்டை இருக்கு."

"எங்க?"

கை நுழைகிற வாயை வீரபாகு காட்டினார்.

"அது வழியாத்தானே கை போகும்," என்றார் கடைக்காரர்.

"கை போற வழியில தீப்பொறி போகாதா?"

கடைக்காரர் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். இந்தக் கேள்வி வந்ததில்லை. இன்னும் ஆறு ஜோடி எடுத்துப் போட்டார். பன்னிரண்டிலும் ஓட்டை.

"எல்லாத்துலயும் ஒரே இடத்துல போயிருக்கு அண்ணாச்சி. எலி வேலை," என்றான் சங்கரபாண்டி வீரபாகுவிடம்.

"ஒரு எலியா இருக்காது," என்றான் அருளப்பன். "சேர்ந்து செஞ்சிருக்கு."

குறையுள்ள சரக்கைத் தெரிந்தே எடுத்துப் போவதாகக் கடைக்காரரிடம் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, மூன்று ஜோடி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

பட்டறையில் கோணி ஊசியும் சணலும் இருந்தன. வீரபாகு முதல் கையுறையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடினார். ஓட்டை போய்விட்டது. சங்கரபாண்டி போட்டுப் பார்த்தான். எந்தப் பக்கம் முயன்றும் கை போகவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஓட்டையும் இருக்கக் கூடாது. கையும் உள்ள இருக்கணும்," என்றார் வீரபாகு.

"அப்போ கை முதல்ல போகணும்," என்றான் அருளப்பன். "போன பிறகு சட்டைக் கையோட சேர்த்துத் தைச்சிட்டா ஓட்டையே கிடையாது."

"போன கை எப்படில வெளிய வரும்?"

"வரணும்னு தாள்ல இருக்கா அண்ணாச்சி?"

வீரபாகு எழுந்து போய்த் தாளை இரண்டு முறை படித்தார். இல்லை.

அருளப்பனின் இரண்டு கையும் தைக்கப்பட்டன. பிறகு சங்கரபாண்டியின் இரண்டும். வீரபாகு தன் இடது கையைத் தானே தைத்துக்கொண்டார். வலது கை மிஞ்சியது. அதைத் தைக்க அங்கே விரல் உள்ளவர் யாருமில்லை. பஸ் நிறுத்தத்தில் செருப்புத் தைப்பவரிடம் மூவரும் போனார்கள். வீரபாகு கையை நீட்டினார். செருப்புத் தைப்பவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"கை."

"யாரோடது?"

"என்னோடதுதான்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் தொழில் செய்பவர் அவர். நன்றாக இழுத்துத் தைத்துக் கொடுத்தார்.

மூவரும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குத் தயாரானார்கள். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இரும்பு கேட் பாதியில் நின்றது. அருளப்பன் முகமூடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். சங்கரபாண்டி அவனை உற்றுப் பார்த்தான்.

"கண்ணாடி வழியா உன் இமை தெரியுது."

"தெரிஞ்சா என்ன?"

"அதுவும் உடம்புதானே."

மூன்று முகமூடிகளின் கண்ணாடி மேலும் பிளாஸ்திரி ஒட்டினார்கள். அதன் பிறகு சத்தத்தைக் கேட்டுத்தான் வெல்டிங். படபடவென்று கேட்டால் ஒட்டுகிறது, கேட்காவிட்டால் ஒட்டவில்லை. அன்று நிறையக் கேட்டது. சாயங்காலம் முகமூடியைக் கழற்றியபோது கேட்டின் இடது கதவில் அருளப்பனின் சைக்கிள் இருந்தது. இழுத்துப் பார்த்தார்கள். வேலை உறுதியாக இருந்தது.

அடுத்த சிக்கல் பசி. தைத்த கையால் இட்லியைப் பிய்க்க முடியவில்லை. ஆனால் சூட்டிரும்பு பிடிக்கிற இடுக்கி அவர்களுக்கு நன்றாகப் பழகியது. ஒருவர் வாய்க்கு ஒருவர் இடுக்கியால் இட்லி ஊட்டிக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு உருக்கமாக இருந்திருக்கும், பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருக்காவிட்டால்.

புதன்கிழமை உள்ளங்கை வியர்த்தது.

"உள்ள ஈரமா இருக்கு அண்ணாச்சி," என்றான் சங்கரபாண்டி. "ஈரக் கையுறை போடக் கூடாதுன்னு இருக்கே."

"வெளிய காய்ஞ்சிருக்கா?"

"காய்ஞ்சிருக்கு."

"கனகவல்லி அக்கா உள்ளயும் காய்ஞ்சிருக்கணும்னா எழுதியிருக்கா? அப்படியும் சந்தேகமா இருந்தா காத்துல காட்டு."

அன்று முழுவதும் மின்விசிறிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முறைவைத்து நின்றார்கள். வியாழக்கிழமையும் அப்படியே போனது. அந்தச் சட்டையில் மூன்றாம் நாள் என்பதால் தெருவில் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கூடவே ஒரு கண்ணில் கட்டோடு கனகவல்லி. குனியக் கூடாது, கத்தக் கூடாது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கு மிச்சமிருந்த ஒரு கண் முதலில் கேட்டைத்தான் பார்த்தது. ஆய்வாளரும் அதைப் பார்த்தார்.

"கேட்ல ஏன் சைக்கிள் இருக்கு?"

"பள்ளிக்கூட கேட்டு சார்," என்றான் அருளப்பன். "பிள்ளைங்க சைக்கிள்லதான வருது."

ஆய்வாளர் கைகளைக் காட்டச் சொன்னார். ஆறு கையுறைகள் நீண்டன. கழற்றச் சொன்னார். மூவரும் தையலைக் காட்டினார்கள். கடைசியில் கனகவல்லியே கத்தரிக்கோல் கொண்டுவந்து தையலை வெட்டினாள். உள்ளிருந்து ஆறு கைகள் ஊறவைத்த பாதாம்பருப்பு மாதிரி வெளுத்துச் சுருங்கி வெளியே வந்தன. ஆய்வாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை.

"ஆச்சரியமா இருக்கு," என்றார். நோட்டைத் திறந்து, 'புதிய காயம் ஏதும் இல்லை' என்று எழுதினார். கனகவல்லி மூன்று நாளில் முதல் தடவையாக நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தாள்.

"ஒரே ஒரு வெல்டிங் போட்டுக் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்."

வீரபாகு கையுறையை எடுத்தார். பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஓட்டை," என்றார்.

சங்கரபாண்டி தன்னுடையதைப் பார்த்தான். அருளப்பன் பார்த்தான். ஆறிலும் ஓட்டை. மூவரும் சுவரிலிருந்த தாளின் ஐந்தாவது வரியைப் பார்த்தார்கள். ஆறு கையுறைகளும் குப்பைப் பீப்பாய்க்குள் விழுந்தன. கனகவல்லி வாயைத் திறப்பதற்குள் வீரபாகு வெறுங்கையோடு வெல்டிங்கை ஆரம்பித்து, அழகாக நாலு அங்குலம் ஒட்டி முடித்தார். முடித்துவிட்டுக் கையை உதறினார். புறங்கையில் கடுகளவு கொப்புளம்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். பையிலிருந்து பூட்டு, துணி, நூல், அரக்குக் குச்சி, பித்தளை முத்திரை எல்லாம் வெளியே வந்தன. நால்வரையும் வெளியே வரச் சொல்லி ஷட்டரை இறக்கிப் பூட்டப் போனார். குப்பைப் பீப்பாயையும் இடுக்கியையும் மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாமா என்று சங்கரபாண்டி கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னார். பூட்டிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்து அரக்கை உருக்கினார். கனகவல்லி அழக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றாள்.

உருகிய அரக்கில் ஒரு சொட்டு ஆய்வாளரின் கட்டைவிரலில் விழுந்தது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கையுறை இல்லாம சூடானதைத் தொட்டுட்டார்," என்றான் அருளப்பன் மெல்ல.

"படிச்சவரு," என்றார் வீரபாகு. "அவருக்கு யாரு சொல்லிக் கொடுப்பா? ஏல, அந்தப் பீப்பாயில கையை விட்டு ஒரு கையுறையை எடு."

"அதுல ஓட்டை இருக்கே அண்ணாச்சி."

"தைச்சா இல்லையே."

வீரபாகு ஆய்வாளரின் வலது கையை மிருதுவாகப் பிடித்தபோது, மருந்து போடப் போகிறார்கள் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். செருப்புத் தைப்பவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். இந்தத் தடவை அவர் உள்ளே என்ன என்றுகூடக் கேட்கவில்லை. ஆய்வாளர் என்ன ஏது என்று கேட்டு முடிப்பதற்குள், மாட்டிவிட்ட கையுறையை முழுக்கைச் சட்டையோடு சேர்த்து ஒரு சுற்றுத் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

அந்தக் கையால் முத்திரையைப் பிடிக்க முடியவில்லை. பேனாவையும் பிடிக்க முடியவில்லை. அரக்கு தரையில் உறைந்துகொண்டிருந்தது. சீல் இல்லாத பூட்டுக்கு முன்னால் ஆய்வாளர் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார்.

அருளப்பன் அவர் காதருகே வந்தான்.

"வியர்த்தா விசிறி முன்னாடி காட்டணும் சார்."

அதற்குள் சங்கரபாண்டி எதிர் ஓட்டலிலிருந்து திரும்பியிருந்தான். இடுக்கியின் நுனியில் சட்னி தொட்ட ஒரு துண்டு இட்லி இருந்தது.

"ஆ காட்டுங்க சார்," என்றான்.