துரு கரைக்கும் ஆசிட்

பொள்ளாச்சிப் பண்ணையார் நாச்சிமுத்துவின் பழைய மாரிஸ் கார் இன்னும் ஓடியதென்றால், அதை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டிப் பழுது பார்த்த ராக்கியப்பனே காரணம். சில நாட்களாக அதன் டாங்கியில் ஊற்றிய பெட்ரோல் விடிவதற்குள் மாயமாகிவந்தது. வீட்டு மாப்பிள்ளை தெய்வசிகாமணி மாமனார் முன்னிலையில் ராக்கியப்பனைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

"திருடன் நீதான்! இல்லீன்னா சாயங்காலத்துக்குள்ள திருடனைக் கொண்டாந்து நிறுத்து. முடியலைன்னா ஊரை உட்டே ஓடிப்போயிரு!"

மாப்பிள்ளை சொல்லை மறுக்கும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை.

ராக்கியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். "திருடன் கெடக்கறானுங்க. அவன் வண்டியை நெனச்சாத்தான் பாவமா இருக்குதுங்க. டாங்கித் துரு கரையட்டும்னு நேத்துப் பெட்ரோல்ல ஆசிட்டைக் கலந்து வெச்சனுங்க. காலையில பாத்தா டாங்கி காலி. அது ஏறுன எஞ்சினைக் கிளப்புனா, அத்தோட அது செத்துதுங்க."

அவ்வேளையில், கோயிலுக்குப் புறப்பட்ட பண்ணையாரின் மகள் வாசலில் நின்ற தன் கணவரின் புதுக் காரில் ஏறி அமர்ந்தாள்.

"ஐயோ, சாவியைத் திருப்பாத!" என்று அலறியபடி மாப்பிள்ளை வேட்டி தடுக்க ஓடினார்.

"என்ற மாப்பிள்ளையா!" என்று முனகிய பண்ணையார், மறுகணமே திடுக்கிட்டுத் திரும்பினார். "அடப்பாவி, என்ற வண்டியிலயா ஆசிட்டை ஊத்துன?"

"பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறனுங்க. அதுக்குப் போயி ஆசிட்டைக் குடுப்பனுங்களா?"

வாசல்வரை கேட்ட அப்பதிலுக்குப் பின், மகள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள், சாவியைத் திருப்பினாள். அப்பன் வீட்டுப் பெட்ரோலில் புதுக் கார் வெண்ணெயாய்க் கிளம்பிற்று.