அடுக்களையின் ஓட்டப் பயிற்சி

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டை மணிமார்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் வேளைக்கொரு பயம். பக்கத்து நாட்டுச் சபைக்குள் எவனோ வாளோடு புகுந்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“இங்கே ஒருவன் அப்படி வந்தால் என்ன செய்வோம்?” என்று சபையில் கேட்டான்.

தளபதி செருவேழன் மீசையை முறுக்கினான். “நான் இருக்கிறேன், அரசே! யாரும் அசையவே வேண்டாம்.”

மோர் கொண்டுவந்த அடுக்களைத் தலைவி உலகம்மை சிரித்துவிட்டாள். “அசையாம நின்னா வெட்ட வாரவனுக்குல்ல வசதி, ராசா! எங்க அடுக்களையில மாசம் ஒருக்கா ஓடிப் பார்க்கோம். யார் எந்த வாசல்ல ஓடணும், யார் கதவைச் சாத்தணும், எல்லாம் பேசி வச்சிருக்கோம்.”

ராஜா தன் வீரத்தைவிட அவள் மோரை அதிகம் புகழ்வதில் தளபதிக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். “ஓடுவதற்குப் பயிற்சியா? வெட்கக்கேடு! இவளை நாடு கடத்துங்கள்!” என்று குதித்தான்.

ராஜா ஒரு சோதனை வைத்தான். காவி பூசிய மரவாளோடு ஒரு மல்லன் சபைக்கும் அடுக்களைக்கும் வருவான். என்றைக்கென்று ராஜாவுக்கே தெரியாது. காவி பட்டவர் செத்தவர். அடுக்களையில் ஒருவர்மேல் பட்டாலும் உலகம்மை நாட்டைவிட்டுப் போகவேண்டும். பாவம், அவளிடம் கால் ஊனமான குப்பாண்டியும் வேலை பார்த்தார்.

ஐந்தாம் நாள் மல்லன் சபைக்குள் பாய்ந்தான். ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது சபை வழக்கம். பிரபுக்கள் பின்பக்கமாகவே நடந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். புலவர், “ஓட உத்தரவு உண்டா, மன்னா?” என்று குனிந்து கேட்டார். குனிந்த தலையில் காவி. தளபதியின் வாளோ துருவேறி உறையை விட்டு வரவில்லை. பதற்றத்தில் மல்லனிடமே, “கொஞ்சம் இழுத்துக் கொடப்பா!” என்றான். மல்லன் மரியாதையாக இழுத்துக் கொடுத்துவிட்டு, அவன் நெற்றியில் ஒரு கோடு போட்டான். ராஜாவின் மூக்கும் தப்பவில்லை.

அடுத்து அடுக்களை. “வாளு!” என்று ஒரு குரல்தான். பாதிப்பேர் பின்வாசலில் பறந்தார்கள். இருவர் குப்பாண்டியைத் தூக்கிக்கொண்டு நெல்லறைக்குள் போக, மற்றவர்களும் நுழைந்து தாழ்போட்டு, மூட்டைகளை அடுக்கி, மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். மல்லன் முட்டி மோதிக் கதவைத் திறந்தான். உள்ளே காத்திருந்த உலகம்மை ஒரு பானை மாவை அவன் தலையில் கவிழ்த்தாள். கண் தெரியாமல் அவன் தடவுவதற்குள் நாலு பேர் அமுக்கி வாளைப் பிடுங்கிவிட்டார்கள். ஒருவர்மேலும் காவி இல்லை.

“நீ ஜெயித்தாய், உலகம்மை!” என்று மூக்கைத் துடைத்தான் ராஜா.

“அது கெடக்கட்டும் ராசா, உங்க சபைக்கு ரெண்டாவது வாசல் எங்க?”

யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தால், தளபதி மாட்டியிருந்த தன்னுடைய ஆளுயரப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

படம் இறங்கியது. முதுகு காட்டக்கூடாது என்ற வழக்கமும் ஒழிந்தது. உலகம்மை சபைக்கே பயிற்சித் தலைவியானாள். பயிற்சிதோறும் குப்பாண்டியைச் சுமக்கும் வேலை தளபதிக்கு வந்தது.

முதல் பயிற்சியில் ராஜாதான் முன்னால் ஓடினான். வாசலில் கிரீடம் உருண்டது. எடுக்கத் திரும்பினான்.

உலகம்மை போட்ட சத்தத்தில் அரண்மனையே அதிர்ந்தது: “கிரீடம் கெடக்கட்டும் ராசா! தலையைக் கொண்டுட்டு ஓடுங்க!”