சால்வை தாங்கிய வயல்

முன்னொரு காலத்தில், தம் சால்வையை நெற்பயிரின் மேல் வீசினால் அது கீழே இறங்கக் கூடாது என்று ஆசைப்பட்ட ஓர் அரசர் இருந்தார். அந்த ஆசை தானாக வந்ததல்ல. பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் விருந்து முடிந்து வெற்றிலை மென்றுகொண்டே, எங்கள் நாட்டில் பயிர் அவ்வளவு அடர்த்தி, மேலே துணியை விரித்தால் அப்படியே நிற்கும் என்று அளந்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் சபை கூடியதும், அப்படி ஒரு வயல் நம் நாட்டிலும் வேண்டும், வருகிற பௌர்ணமிக்குள் வேண்டும் என்றார் அரசர்.

பயிர் என்பது ஆணைக்கு வளராது என்று சொல்ல அந்தச் சபையில் யாருக்கும் வாய் வரவில்லை. அமைச்சர் சந்திரசூடர் எழுந்து, "ஆகட்டும், அரசே" என்றார்.

சபையின் கடைசித் தூணருகே வேம்பையன் உட்கார்ந்திருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அமைச்சருக்கு அவனைக் கண்டால் ஆகாது. தாம் நாளெல்லாம் பேசியும் கிடைக்காத அரசரின் புன்னகையை அவன் ஒரு வார்த்தையில் வாங்கிவிடுகிறானே என்ற எரிச்சல்.

பௌர்ணமி வந்தது. நெடுங்கரை என்ற ஊருக்கு அரசரின் தேர் புறப்பட்டது. வழியெல்லாம் வாழைமரம், தோரணம். சாலையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். வெயில் அரசர் மேல் படாமலிருக்க என்று அமைச்சர் விளக்கினார். தட்டி முடிந்த இடத்தில் அந்த வயல் இருந்தது. பச்சைப் பாயை மடித்து அடுக்கியதுபோல் அவ்வளவு நெருக்கம். அரசர் சால்வையை வீசினார். நின்றது. எடுத்துத் தரச் சொல்லி மறுபடியும் வீசினார். அப்போதும் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். வேம்பையனும் தட்டினான்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு ஒன்று உறுத்தியது. காற்று அடித்தது, தோரணம் ஆடியது, அரசரின் குடை ஆடியது. பயிர் மட்டும் ஆடவில்லை.

அந்த வாரமே புது ஆணை வந்தது. நெடுங்கரையின் மாதிரி வயல் எவ்வளவு விளையுமோ, அவ்வளவுதான் இனி நாட்டின் ஒவ்வொரு வயலும் விளையும். அதில் ஆறில் ஒரு பங்கு அரண்மனைக்கு. அவ்வளவு விளையவில்லை என்றால் அது மண்ணின் குற்றமல்ல, உழவரின் சோம்பல். சோம்பேறிகள் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டில் இருக்கும் விதைநெல்லை அதிகாரிகள் இப்போதே ஈடாக எடுத்துக்கொள்வார்கள்.

சபையில் இதைப் படித்து முடித்தபோது வேம்பையன் எழுந்து, காற்றுக்கு ஆடாத பயிரைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்றான். அமைச்சர் இதற்காகவே காத்திருந்தவர்போல் திரும்பினார்.

"அரசே, விகடருக்கு நம் வளர்ச்சியைக் கண்டு வயிறு எரிகிறது. அவரே ஒரு மாதிரி வயல் உண்டாக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அமைச்சர் செய்தபடியே செய், அதில் அணுவளவும் மாறக் கூடாது, பத்து நாளில் நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லி, யாரும் அவனைத் தடுக்காமலிருக்கத் தம் முத்திரை மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

அமைச்சர் எப்படிச் செய்தார் என்று தெரிந்தால்தானே அதன்படி செய்ய முடியும்? வேம்பையன் நெடுங்கரைக்குத் தனியாக நடந்து போனான். ஓலைத் தட்டியை விலக்கி உள்ளே பார்த்தான். சாலையோரம் முழுவதும் வெற்று வயல்கள். சேற்றில் குழிகுழியாக ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர். ஒரு வயலின் நடுவே முப்பது வயதிருக்கும் ஒருத்தி குனிந்து அந்தக் குழிகளைக் காலால் மூடிக்கொண்டிருந்தாள். காத்தாயி என்பது அவள் பெயர்.

"என்ன சாமி பாக்குறீங்க? இன்னும் புடுங்க என்ன இருக்குன்னா?" என்றாள், நிமிராமலே.

அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. அமைச்சரின் ஆட்கள் ஊரையே கூட்டி நிறுத்தி, அவரவர் வயலின் பயிரை வேரடி மண்ணோடு அவரவர் கையாலேயே பிடுங்க வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஒரே வயலில் இடைவெளி விடாமல் திணித்திருக்கிறார்கள். அரசரிடம் மூச்சு விட்டால் நாக்கு இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அரசர் போன மூன்றாம் நாளே பயிர் வெளுத்துப்போனது. இப்போது அழுகுகிறது. பிறகு, விளைச்சல் குறைந்த சோம்பேறிகள் என்று சொல்லி, விதைநெல்லைக் கேட்டு அதே ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

"பயிரையும் அவனே புடுங்குவான், பயிரு எங்கன்னும் அவனே கேப்பான். விதையையும் குடுத்துட்டு அடுத்த போகத்துக்கு நாங்க எதை நடுறது? எங்க கையையும் காலையும் நடுறதா?"

அந்த வயலின் முன்னால் நின்று தான் கைதட்டியது வேம்பையனுக்கு நினைவில் வந்து முள்ளாகக் குத்தியது.

வரப்பை விட்டு எழும்போதே அவன் முடிவு செய்துவிட்டான். ஊருக்கு மேற்கே அமைச்சரின் சொந்தப் பண்ணை. அங்கே வளர்வது நீண்டநாள் நெல். அதனால் இப்போதுதான் கதிர் பால் பிடித்திருந்தது. அதை அத்தனையும் பிடுங்கி ஒரே வயலில் திணிப்பது. மோதிரம் கையில் இருக்கிறது, தடுக்க ஆளில்லை. நெடுங்கரைக்காரர்களைக் கூட்டிச் சொன்னதும் ஆண்கள் சிலர் அப்போதே வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

காத்தாயி மட்டும் அசையவில்லை.

"நான் வரல சாமி."

அமைச்சருடைய வயல்தானே என்றான் வேம்பையன்.

"பால் பிடிச்ச பயிரு. அது யாரு வயல்ல நின்னா என்ன? என் வயலைப் புடுங்கையில என் கை நடுங்குன நடுக்கம் எனக்குத் தெரியும். இன்னொருக்கா அந்தக் கை வராது. அப்படிப் புடுங்குனா, அந்த ஆளுக்கும் உங்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது."

மடித்துக் கட்டிய வேட்டிகள் மெல்ல இறங்கின. வேம்பையனுக்கு முகம் சுட்டது. கோபத்தில் தன் தந்திரம் அமைச்சரின் தந்திரமாகவே ஆகிவிட்டிருந்ததை அவன் அதுவரை கவனிக்கவில்லை. பிறகு, பிடுங்க வேண்டாம், பயிரின் மேல் கை வைத்துக் குனிந்து நின்றால் மட்டும் போதும், வருவாயா என்று அவளிடம் கேட்டான். சரி என்றாள்.

பத்தாம் நாள் அரசரின் தேர் வந்தது. வேம்பையனின் மாதிரி வயலைக் காணவில்லை. அமைச்சரின் பண்ணையில் ஊர் மொத்தமும் வரிசையாக இறங்கி, ஆளுக்கொரு நெல் தூரைப் பற்றிக்கொண்டு குனிந்து நின்றது. வேம்பையன் வரப்பில் வணங்கி நின்றான்.

"அரசே, வேலையை இப்போதுதான் தொடங்குகிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிடுங்கிவிடுவார்கள்."

அரசர் வாயைத் திறப்பதற்குள் தேருக்குப் பின்னாலிருந்து சந்திரசூடர் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

"வேண்டாம், வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள் அரசே! பால் பிடித்த பயிர். வேரை அசைத்தால் அத்தனையும் பதராகிவிடும், ஒரு மணி தேறாது!"

"அமைச்சர் எதற்குப் பதறுகிறார் என்று விளங்கவில்லை" என்றான் வேம்பையன். "அவர் செய்தபடியே அணுவளவும் மாறாமல் செய்யச் சொல்லித் தங்கள் ஆணை. நெடுங்கரையில் இதே பருவத்துப் பயிரைத்தான் ஊரார் வயல்களிலிருந்து பிடுங்கி ஒரே வயலில் வைத்தார். அது தேறும், தங்கள் சால்வையைத் தாங்கும், நாட்டுக்கே வரி நிர்ணயிக்கும். இது மட்டும் தேறாதா?"

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தம் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர் நெடுங்கரைக்குத் திரும்பியது, ஊராரும் பின்னால் நடந்தார்கள். தட்டிகள் இன்னும் நின்றன. அவற்றுக்கு அப்பால் மாதிரி வயல் மஞ்சளாகச் சரிந்து, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு கிடந்தது.

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம் நெல்லுக்கு ஓடிவந்த வேகத்தைப் பார்த்தாயா? நன்றாக மாட்ட வைத்தாய், வேம்பையா" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

அரசரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கும் வேம்பையன் அன்று சிரிக்கவில்லை.

"அரசே, அமைச்சர் பொய் வயல் செய்தார், உண்மை. ஆனால் சால்வை தங்களுடையது. ஊரார் தின்னும் சோற்றைத் தாங்கள் கேட்டிருந்தால் அவர் சோற்றைக் காட்டியிருப்பார். துணி நிற்க இடம் கேட்டீர்கள். அதற்காக இவர்களின் இந்த ஆண்டுச் சோறு போயிற்று."

சிரிப்பு நின்றது. தன் தலை கழுத்தில் இருக்கிறதா என்று வேம்பையனுக்கே ஐயமாக இருந்தது. அரசர் தேரிலிருந்து இறங்கி அந்த அழுகிய வயலின் வரப்புவரை நடந்தார். பிறகு, அமைச்சரின் பயிர் கைக்குள் இருந்தும் இவர்கள் ஏன் பிடுங்காமல் நின்றார்கள் என்று கேட்டார். வேம்பையன் காத்தாயியைக் காட்டி நடந்ததைச் சொன்னான்.

புது வரி அங்கேயே ரத்தானது. எடுத்த விதைநெல் அந்தந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்றார் அரசர். சந்திரசூடரின் பண்ணைப் பயிர் இருந்த இடத்திலேயே நின்று விளையட்டும், விளைந்ததும் நெடுங்கரைக்காரர்களே அறுத்துப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்றார். காவல் காக்கும் பொறுப்பை அமைச்சருக்கே கொடுத்தார். அப்போதுதான் வேம்பையனுக்குச் சிரிப்பு வந்தது.

அவனுக்குப் பரிசாக அரசர் அந்தச் சால்வையையே கழற்றித் தந்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு தேரை மறுபடி பண்ணைக்கு விடச் சொன்னான். அங்கே, காற்றில் அலையலையாக ஆடிக்கொண்டிருந்த பயிரின் மேல் சால்வையை வீசினான். அது கதிர்களுக்கிடையே சரிந்து, நழுவி, காணாமல் போனது.

"நல்ல வயல் இப்படித்தான் இருக்கும், அரசே."

அரசர் மறுபடியும் சிரித்தார். இம்முறை தம்மைப் பார்த்தே சிரித்ததுபோல் இருந்தது.

காத்தாயி ஒரு கதிரும் மடங்காமல் வயலுக்குள் இறங்கிச் சால்வையை எடுத்து வந்தாள். வைத்துக்கொள் என்றான் வேம்பையன். அறுவடை நாளில் நெற்கட்டு சுமந்து நெடுங்கரைக்கு நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள் தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தது அரசரின் சால்வை.